'ஷே பா' காதில் விழுந்த நாள்: நாற்பதை நெருங்கும்போது பிரெஞ்சு கற்ற அனுபவம்

செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் குழுவுக்கு ஒரு தொலைபேசிக் கூட்டம் உண்டு. அதில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள். அந்த வாரம் ஒருவர் கோப்பு எப்போது தயாராகும் என்று கேட்டார். இன்னொருவர் சட்டென்று 'ஷே பா' என்றார். எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அந்த இரண்டு அசையிலேயே நின்றுவிட்டேன். ஏதோ கிழமையின் பெயரா, ஆளின் பெயரா, தொழில் சொல்லா? இரவு அகராதியில் தேடினேன். விதவிதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் திரையில் தட்டிக் காட்டினார். 'ழெ ந சே பா'. அதாவது, 'எனக்குத் தெரியாது'. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருந்த வாக்கியம் அது. அதற்குள் நான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கேட்டால் அதை ஆறு காலத்திலும் எழுதிக் காட்டியிருப்பேன். ஒருவர் வாயால் சொன்னபோது அது காதில் ஏறவில்லை.

(ஒரு சின்ன விளக்கம். பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது அந்த மொழியின் ஒரு ஒலிக்கு 'ழ' போடும் வழக்கம் உண்டு. நானும் அதைத்தான் செய்கிறேன். அது நம் ழகரம் அல்ல. 'ஷ்' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே தொண்டையில் அதிர்வைச் சேர்த்தால் வருவதுதான் அந்த ஒலி.)

முப்பத்தொன்பது வயதில் ஆரம்பித்தேன். மாலை வகுப்பு, இரண்டு இலக்கணப் புத்தகங்கள், கைப்பேசியில் ஒரு செயலி. செயலியில் முந்நூறு நாளுக்கு மேல் ஒருநாள்கூட விடாமல் பயிற்சி செய்தேன். அதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். சொற்கள் சேர்ந்தன, வாக்கியம் எப்படி அமைகிறது என்பது புரிந்தது. ஆனால் அத்தனையும் கண் வழியாகவே உள்ளே போனது. பெரியவர்களுக்கு இது மிக இயல்பாக நடக்கிறது. நமக்குப் படிக்கத் தெரியும், அட்டவணை போடத் தெரியும், அடிக்கோடிடத் தெரியும். தெரிந்த வழியிலேயே போகிறோம். ஸ்பானிஷ் மாதிரி எழுதியபடியே ஒலிக்கும் மொழியென்றால் இதனால் பெரிய நஷ்டமில்லை. பிரெஞ்சில் எழுத்து ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று நிற்கும்.

அந்தப் பிளவு நமக்குப் புதியதா என்ன? 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதுகிறோம், 'தெரில' என்று சொல்கிறோம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்ருக்கேன்' என்கிறோம். புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்த ஒரு வெளிநாட்டுக்காரர் முதல் தடவையாக 'தெரில' கேட்டால் எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் நான் 'ஷே பா' கேட்டு விழித்தேன். இது உறைத்த அன்றைக்குத்தான் என் படிப்பின் திசை மாறியது. இரண்டு தமிழை ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். பிரெஞ்சிலும் இரண்டு இருக்கிறது என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பேச்சுப் பிரெஞ்சில் நடப்பதை ஒரு பழைய நோட்டில் எழுதத் தொடங்கினேன். இடப்பக்கம் புத்தக வடிவம், வலப்பக்கம் காதில் விழும் வடிவம். எதிர்மறைக்கு இரண்டு துண்டு உண்டு, 'ந' முன்னால், 'பா' பின்னால். பேச்சில் 'ந' பெரும்பாலும் காணாமல் போய்விடும். 'நான் இருக்கிறேன்' என்பதற்கான 'ழெ ஸ்வீ' வாயில் 'ஷ்வி' ஆகிவிடும். 'இலியா' (இருக்கிறது, உண்டு) வெறும் 'யா'. 'நாங்கள்' என்பதற்குப் புத்தகம் 'நூ' சொல்லிக்கொடுக்கும். வீட்டிலும் நண்பர்களிடமும் எல்லோரும் 'ஓன்' என்பார்கள். முப்பது நாற்பது வரி சேர்ந்ததும் கூட்டத்தில் பேசுவது ஏதோ திரை விலகின மாதிரி கேட்க ஆரம்பித்தது. புதிதாக நான் எந்தச் சொல்லையும் படிக்கவில்லை. தெரிந்த சொற்கள்தான் வேறு உருவத்தில் வந்துகொண்டிருந்தன.

வினைச்சொல்லிலும் இதே கதை. 'பேசு' என்பதற்கு 'பார்லே'. புத்தக அட்டவணையில் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு வரிசை, ஐந்து விதமான எழுத்துக்கூட்டல். அதைப் பார்த்து மனப்பாடம் செய்து களைத்துப்போனவர்கள் நிறையப் பேர். வாயால் சொல்லிப் பாருங்கள். நான், நீ, அவன், அவர்கள் நான்கும் ஒரே ஒலி, 'பார்ல்'. 'நாங்கள்' இடத்தில் 'ஓன்' போட்டால் அதுவும் 'பார்ல்'. 'நீங்கள்' மட்டும் 'பார்லே'. நிகழ்காலத்துக்கு ஆறு வடிவம் என்று பயந்தது, காதுக்கு இரண்டே வடிவம். பிரெஞ்சு வினைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. எழுதும்போது ஐந்து வடிவமும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பேச வேண்டும் என்று வருகிறவருக்கு முதல் மாதமே ஐந்தையும் திணிப்பது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சரி, காதைப் பழக்க என்ன செய்தேன்? பழைய பள்ளிக்கூட முறைதான். சொல்வதெழுதுதல். பிரெஞ்சில் 'திக்தே' என்பார்கள்; அங்கே பள்ளிகளில் இன்றும் நடக்கிற பயிற்சி. பிரான்ஸின் வெளிநாட்டு வானொலியான ஆர்எஃப்ஐ, மொழி கற்பவர்களுக்காகவே எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி ஒலிபரப்புகிறது. பேசியதன் எழுத்து வடிவத்தையும் இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். பேச்சும் எழுத்தும் சேர்ந்து கிடைப்பதுதான் இதில் முக்கியம்.

பத்து நிமிடத்தையும் கேட்க வேண்டாம். நான் எடுத்துக்கொண்டது முப்பது நொடி. முதலில் எழுதாமல் இரண்டு தடவை கேட்பேன். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதைப் பென்சிலால் எழுதுவேன். புரியாத இடத்தில் ஒரு கோடு இழுத்து இடம் விடுவேன். ஆறேழு தடவை திருப்பிக் கேட்டும் வரவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவேன். கடைசியில் அவர்கள் எழுத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் ஒப்பிடுவேன். இருபது நிமிடம் ஆகும். அந்தச் சிவப்புக் கோடுகள்தான் என் உண்மையான பாடத்திட்டம். எந்தப் புத்தகமும் எனக்கென்று அப்படி ஒன்றைத் தயாரித்திருக்க முடியாது.

முதல் வாரத்து நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் 'வேர்' என்று கேட்டு 'பச்சை' என்று எழுதியிருக்கிறேன். அங்கே வந்தது 'நோக்கி, பக்கமாக' என்ற பொருள் தரும் சொல். இரண்டும் ஒரே ஒலி. 'கண்ணாடி'க்கும் அதே ஒலி, 'புழு'வுக்கும் அதே ஒலி. எழுத்து நான்கு, உச்சரிப்பு ஒன்று. காது இதைப் பிரிக்காது. முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்வதெழுதுதல் இந்தப் பழக்கத்தைக் கட்டாயமாகக் கொண்டுவருகிறது. கேட்கும்போதே இலக்கணமும் நடந்துகொண்டிருக்கும். இரண்டு மாதத்தில், விட்ட இடங்கள் ஒரு பத்திக்கு பதினைந்திலிருந்து நாலைந்தாகக் குறைந்தன.

அடுத்தது உச்சரிப்பு. இங்கேதான் தமிழ் எனக்குப் பெரிய கை கொடுத்தது. வகுப்பில் எல்லோரும் தடுமாறியது மூக்கொலி உயிர்களில். 'வான்' என்றால் காற்று, 'வோன்' என்றால் போகிறார்கள், 'வேன்' என்றால் திராட்சை மது. மூன்றிலும் கடைசியில் வரும் 'ன்' உண்மையில் 'ன்' அல்ல; நாக்கு எங்கேயும் படக்கூடாது, உயிரெழுத்து மட்டும் மூக்கு வழியாக வர வேண்டும். ஆசிரியை படம் போட்டு விளக்கினார். வரவில்லை. வீட்டுக்கு வந்து சும்மா தமிழில் பேசிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. பேச்சு வேகத்தில் 'நான்' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு மேலே போய் ஒட்டுகிறதா? இல்லை. 'மரம்' என்று சொல்லும்போது உதடு மூடுகிறதா? மூடுவதில்லை, ஓகாரம் மாதிரி ஒன்று மூக்கில் போய் முடிகிறது. 'அவன்' என்பது பேச்சில் கிட்டத்தட்ட 'அவெ' என்று மூக்கில் முடிகிறது. நான், மரம், அவன். இந்த மூன்றின் கடைசி ஒலியும்தான் பிரெஞ்சின் மூன்று மூக்கொலிகளுக்கு மிக நெருங்கியவை. குழந்தையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். எழுத்தில் 'ன்', 'ம்' என்று போட்டிருப்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதில் இன்றும் எனக்கு ஆதங்கம் உண்டு.

இன்னொரு உதவி, த-வும் ட-வும். ஆங்கில வழியாகப் பிரெஞ்சு படிப்பதால் நாம் பலரும் 'ட' போட்டுப் பேசுகிறோம். பிரெஞ்சில் அது தெளிவாக 'த', நாக்கு பல்லைத் தொடும். 'க', 'ப', 'த' மூன்றுக்கும் ஆங்கிலத்தில் வருகிற மாதிரி காற்றுத் தள்ளல் கிடையாது. தமிழில் 'பல்', 'கல்', 'தலை' என்று எப்படிச் சொல்வோமோ அப்படியே. ஆங்கிலத்தை வாயிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் தமிழ் நாக்கோடு பிரெஞ்சுக்குப் போனால் பாதி உச்சரிப்பு சரியாகிவிடும்.

நமக்கு இல்லாத ஒலி ஒன்று உண்டு, அதற்கு உழைக்கத்தான் வேண்டும். 'ஈ' என்று சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். வருவதுதான் அது. இதற்கும் சாதாரண 'ஊ'வுக்கும் உள்ள வேறுபாட்டை விட்டால் பொருள் தலைகீழாகும்: 'தெஸ்யூ' மேலே, 'தெஸூ' கீழே. கண்ணாடி முன்னால் தினம் இரண்டு நிமிடம், ஒரு மாதம் செய்தேன். தொண்டையில் உரசும் அந்த 'ர'வுக்கு நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. நாக்கால் சொன்னாலும் புரிந்துகொள்கிறார்கள்.

பிறகு சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் விஷயம். 'லே' என்பது பன்மைக்கு முன்னால் வரும் சிறுசொல், 'ஆமீ' என்றால் நண்பர். சேர்ந்தால் 'லே ஆமீ' அல்ல, 'லேஸாமீ'. எழுத்தில் இருந்தும் ஒலிக்காமல் கிடந்த 'ஸ்' உயிரெழுத்தைக் கண்டதும் எழுந்து அதனோடு சேர்ந்துகொள்கிறது. 'வூ' தனியாக நின்றால் நீங்கள். 'ஆவே' வந்தால் 'வூஸாவே'. காதில் கேட்கிறவருக்குச் சொல் எங்கே முடிந்தது, எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. பலர் இதைக் கண்டு மலைக்கிறார்கள். பள்ளியில் புணர்ச்சி படித்தவர்கள் மலைக்க வேண்டியதில்லை. மெய்யின் மேல் உயிர் வந்து ஏறும் என்று படித்தோமே, அதேதான். 'கண் எதிரே' என்று எழுதினாலும் 'கண்ணெதிரே' என்றுதான் நம் காது கேட்கிறது. பிரெஞ்சுக் கேட்டலுக்கும் அந்தக் காது வேண்டும். வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டாமல் மூச்சு மூச்சாகக் கேட்க வேண்டும். இதற்கு விலக்கும் உண்டு. 'எரோ' என்றால் வீரன். அதன் முன்னால் எழுத்தில் 'எச்' நிற்கிறது, ஒலிக்காது, ஆனால் ஒட்டவும் விடாது. 'லே எரோ' என்றால் வீரர்கள். தவறி ஒட்டினால் 'லேஸெரோ', அதாவது பூஜ்யங்கள்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் மிக அதிகமாக இடறியது அங்கேதான். எழுபது என்பது அறுபது-பத்து. எண்பது என்பது நாலு-இருபது. தொண்ணூற்றொன்பது நாலு-இருபது-பத்தொன்பது. (நம் தொண்ணூறுக்குள்ளும் ஒரு நூறு ஒளிந்திருக்கிறது, குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.) பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கு 'செப்தாந்த்', தொண்ணூறுக்கு 'நோனாந்த்' என்று நேரான சொற்கள் உண்டு. பிரான்ஸில் தொலைபேசி எண்ணின் பத்து இலக்கத்தையும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 'சுவாசாந்த்' என்று கேட்டவுடன் கை 6 எழுதிவிடும். உடனே 'கேன்ஸ்' வரும். அறுபது-பதினைந்து, அப்படியானால் 75, எழுதின 6 தப்பு. அதைத் திருத்துவதற்குள் அடுத்த இரண்டு இலக்கம் போயிருக்கும். இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே வழி, 'சுவாசாந்த்' (அறுபது) அல்லது 'காத்ர வேன்' (நாலு-இருபது) கேட்டால் கையைத் தூக்கிக் காத்திருப்பது. ஒரு முழு மூச்சு முடிந்த பிறகுதான் எழுதுவது. வாரம் முழுக்க எண்களை மட்டும் கேட்டு எழுதினேன், அதன்பின் பிரச்சினை இல்லை.

சொற்களைச் சேர்ப்பது பெரியவர்களுக்குச் சுலபம், ஆங்கிலம் தெரிந்திருந்தால் இன்னும் சுலபம். 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு பல தலைமுறைக்கு அரசவையில் பிரெஞ்சுதான். அந்த வழியாக ஆங்கிலத்துக்குள் போன ஆயிரக்கணக்கான சொற்கள் நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் நம்பிக் கெட்டுப்போகக் கூடாது. 'லிப்ரேரி' நூலகம் அல்ல, புத்தகக் கடை. 'ஆக்த்யுவெல்மான்' என்றால் 'உண்மையில்' அல்ல, 'தற்போது'. 'ரெஸ்தே' ஓய்வெடுப்பது அல்ல, தங்குவது.

மறப்பதைச் சமாளிக்க ஆங்கி என்ற அட்டைச் செயலியைப் பயன்படுத்தினேன். படித்தது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறந்துபோகும் என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இலேயே தன்மேல் சோதித்து எழுதியிருக்கிறார். மறக்கப்போகும் நேரத்தில் அட்டையைத் திரும்பக் காட்டுவதுதான் இந்தச் செயலியின் வேலை. ஆரம்பத்தில் தனிச்சொற்களைப் போட்டு வைத்தேன். பேசும்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிறகு மாற்றிக்கொண்டேன்: சிவப்புக் கோடு விழுந்த வாக்கியங்களை மட்டும், அவற்றின் ஒலியோடு சேர்த்து, நாளுக்கு ஐந்து அட்டை. முன்பக்கம் எழுத்தே கிடையாது, ஒலி மட்டும்.

பெயர்ச்சொல்லின் பாலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மேசை ஏன் பெண்பால் என்று கேட்பதில் பயனில்லை. ஆனால் ஈற்றைப் பார்த்தால் பெருமளவு ஊகிக்கலாம். 'சியோன்' என்று முடிவது பெரும்பாலும் பெண்பால், 'மான்', 'ஆழ்' என்று முடிவன பெரும்பாலும் ஆண்பால். 'இமாழ்' (படம்), 'பாழ்' (பக்கம்) போன்ற சில விலக்குகள் உண்டு. இன்னொன்று, சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது 'ல', 'லா' என்ற சிறுசொல்லோடு குறிக்க வேண்டாம். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் இரண்டும் வெறும் 'ல்' ஆகிவிடும், பால் மறைந்துபோகும். 'ஒரு' என்பதற்கான 'அன்', 'யூன்' போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 'யூன் எக்கோல்' என்று படித்தவருக்குப் பள்ளிக்கூடம் பெண்பால் என்பது மறக்காது.

நான் நேரம் தொலைத்த இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, குழந்தைக் கதைகள். எளிதாக இருக்கும் என்று வாங்கினேன். அவற்றில் கதை சொல்ல ஒரு தனி இறந்தகாலம் வருகிறது. பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை, ஆரம்பப் பாடத்திலும் கிடையாது. நாலாவது வரியிலேயே நின்றுவிட்டேன். குழந்தைக்கு அது தாத்தா பாட்டி வாயிலிருந்து கேட்டுப் பழகிய நடை, நமக்கு அப்படியல்ல. செய்தியும் நேர்காணலும் அதைவிட எளிது. இரண்டாவது, படங்கள். வேறு மொழிப் படத்தைப் பிரெஞ்சுக் குரலில் போட்டுப் பிரெஞ்சு எழுத்தையும் ஓடவிட்டேன். குரல் ஒன்று சொன்னது, எழுத்து வேறொன்று சொன்னது. குரல் கொடுத்தவர்களும் எழுத்துப் போட்டவர்களும் தனித்தனியாக மொழிபெயர்த்திருக்கிறார்கள், பொருந்தாது. காதைப் பழக்க அது கெடுதல். பிரெஞ்சிலேயே எடுத்த படைப்பைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

பேசுவதற்கு ஆள் வேண்டும், அதற்கு மாற்று இல்லை. வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், இணையம் வழியாக ஆசிரியையோடு. தொடக்கத்தில் அவர் ஒவ்வொரு பிழையையும் அங்கங்கே திருத்தினார். நல்ல எண்ணம்தான், ஆனால் என்னால் ஒரு எண்ணத்தை முழுசாகச் சொல்லி முடிக்கவே முடியவில்லை. நாலாவது வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நான் பேசும்போது குறுக்கிட வேண்டாம், பிழைகளைத் தனியாக எழுதி வையுங்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம் என்று. அவரும் சரி என்றார். அதிலிருந்து வகுப்பே வேறாகிவிட்டது. பிழைப்பட்டியலில் முதல் மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் சரியாக வைத்து என் வாழ்க்கையைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதி, அடுத்த வகுப்பில் அதைப் பேச்சுக்குள் கொண்டுவருவேன்.

முட்டுக்கட்டை விழும்போது ஆங்கிலத்துக்குத் தாவாமல் இருக்க நாலைந்து வாக்கியம் கைவசம் இருந்தால் போதும். 'கோமான் ஓன் தீ' (இதை எப்படிச் சொல்வது), 'சா வே தீர் க்வா' (அப்படியென்றால் என்ன), மெதுவாக ஒருமுறை சொல்லுங்கள். கூடவே யோசிக்க நேரம் வாங்கித் தரும் சொற்கள்: 'ஆலோர்', 'ஆன் ஃபெத்', 'த்யூ கூ'. நாம் 'வந்து', 'அதாவது', 'அப்புறம்' என்று இழுக்கிறோமே, அந்த மாதிரி. மௌனமாக நின்றால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். 'ஆன் ஃபெத்' என்று இழுத்தால் காத்திருப்பார். நீ, நீங்கள் வேறுபாட்டுக்கு எனக்கு யாரும் விதி சொல்லத் தேவைப்படவில்லை. புதியவர், மூத்தவர், அலுவலகத்தில் பழகாதவர் என்றால் 'வூ'. அவர்களாக 'த்யூ' சொல்லலாமே என்று கேட்கும்வரை மாற்றவில்லை.

எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு வேலை பார்க்கும் அளவு பிரெஞ்சு வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கிறது. அவர்களுக்குப் படிப்பதுதான் முழுநேர வேலை. நமக்குத் தினம் அரை மணி நேரம் என்றால் வருடத்துக்கு 180 மணி நேரம் சொச்சம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் மூன்று நான்கு வருடம். மூன்று மாதத்தில் சரளம் என்று சொல்கிறவர்களை நம்பி மனம் உடைந்து விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

எனக்கு நடுவில் ஒரு மைல்கல் தேவைப்பட்டது, அதற்கு டெல்ஃப் தேர்வு உதவியது. பிரான்ஸின் கல்வி அமைச்சகம் தரும் சான்றிதழ், ஐரோப்பாவின் பொது அளவுகோல்படி ஏ1 முதல் பி2 வரை நான்கு நிலை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். நான் ஏ1, ஏ2 எழுதவில்லை. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று கட்டாயம் இல்லை. மூன்றாவது வருடம் பி1 எழுதினேன். வாசித்தலில் நன்றாக வந்தது, கேட்டலிலும் அதற்கு ஒரு மதிப்பெண்தான் குறைவு. 'ஷே பா'வுக்கு விழித்த எனக்கு அந்த ஒரு மதிப்பெண் இடைவெளியைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

இப்போது பி2-வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். சொல்வதெழுதுதல் இன்னும் நடக்கிறது, முப்பது நொடி இரண்டு நிமிடமாகியிருக்கிறது, செய்திக்குப் பதில் இரண்டு பேர் குறுக்கே குறுக்கே பேசும் நேர்காணல். கோடுகள் இன்னும் விழுகின்றன. போன மாதம் ஆசிரியையிடம் வியாழக்கிழமை வகுப்புக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். 'யான்னா ப்ள்யூ' என்றார். 'ப்ள்யூ' என்றால் 'அதிகம்' என்று எடுத்துக்கொண்டு, இடம் நிறைய இருக்கிறது போல என்று வியாழக்கிழமை திரை முன்னால் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. புத்தகத்தில் அந்த வாக்கியத்தின் முன்னால் ஒரு 'ந' இருக்கும், 'இனி இல்லை' என்பதைக் காட்டிக்கொடுக்கும். பேச்சில் அது விழுந்துவிடுகிறது. மிச்சமிருப்பது கடைசி 'ஸ்' மட்டும். அதை ஒலித்தால் 'இன்னும் இருக்கிறது', ஒலிக்காவிட்டால் 'தீர்ந்துவிட்டது'.

அந்த வாரம் நேர்காணல்களில் 'ப்ள்யூ' வரும் இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து இருபது அட்டை செய்தேன். முன்பக்கம் ஒலி, பின்பக்கம் ஒரே சொல்: உண்டு அல்லது இல்லை. நேற்று இருபதில் பதினேழு சரியாக வந்தது.